கோடு போடாத செம்பனைகள்

காலையில் எழுந்து கைப்பேசியைத் திறந்தால் நம் குழுவில் ஒரு தேனீ பறந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே ரோஜாப்பூ, அதற்குக் கீழே காலை வணக்கம், அதற்கும் கீழே பூச்சிகள் அழிந்தால் மனிதன் அழிந்துவிடுவான் என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அனுப்பியவர் ஒருவர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே படத்தை ஏழெட்டுப் பேர் அனுப்புகிறீர்கள். எல்லோரும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள், இப்போது பூச்சோங்கிலும் செலாயாங்கிலும் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். வேறு வேலை இல்லை என்பது தெரியும், எனக்கும் இல்லை. ஆனால் பூவும் பூச்சியும் நண்பர்கள் என்று எனக்கு நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். ஒரு பூச்சி வந்து நாம் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தையே புரட்டிப் போட்டதை எல்லோரும் சேர்ந்து நின்று வேடிக்கை பார்த்தோம். உங்களுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் பொம்மைப் படம் எதுவும் அனுப்பாமல் படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குப் பவுடர் அடிக்கும் வேலை. இதை என் மகளிடம் சொன்னபோது மரத்துக்கு மேக்கப்பா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நீங்கள் எதையும் சொன்னதில்லை. செம்பனையில் ஆண் பூக்குலை தனி, பெண் பூக்குலை தனி. இரண்டும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. அதனால் இந்த மரத்துப் பெண் பூவுக்கு வேறொரு மரத்து ஆண் பூவின் தூள் வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் அம்மாவும் அவரோடு ஒரு கூட்டம் பெண்களும் விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுச் செம்பனைக் காட்டுக்குள் இறங்குவார்கள்.

மலர்ந்த ஆண் பூவை வெட்டி, தாளின் மேல் தட்டி, சலித்து, காயவைத்து, முகப் பவுடரோடு கலந்து வைத்துக்கொள்வார்கள். ஒரு முனையில் ரப்பர் பந்து பொருத்திய நீளக் குழாய் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். முள் நிறைந்த மட்டைகளை விலக்கி, மலர்ந்த பெண் பூவைத் தேடிப் பிடித்து, பந்தை அமுக்கினால் புஸ் என்று புகை மாதிரி வெளியே வரும். அடித்து முடித்த மரத்தின் மட்டையில் கலர்க் கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மலர்ந்த பூ இரண்டொரு நாள்தான் நிற்கும், அதைத் தவறவிட்டால் குலை பாதி சொத்தையாகி உள்ளேயே அழுகிப் போகும்.

மலர்ந்த பூவுக்குச் சோம்பு வாசம் அடிக்கும். அம்மா கண்ணால் தேடுவதற்கு முன் மூக்கால் தேடிவிடுவார். மதியம் வீட்டுக்கு வரும்போது புருவம், இமை, மூக்கு முடி எல்லாம் வெளுத்துப் போய், சேலைக்கு மேல் போட்டிருக்கும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை முழுவதும் சோம்பு மணக்கும். இன்றைக்கும் பிரியாணிக் கடைப் பக்கம் போனால் எனக்கு வயிறு பசிப்பதற்குப் பதிலாக அம்மாவைத் தேடுகிறது. அந்த ரப்பர் பந்துக் குழாய் ஒன்றாவது எங்கேயாவது இருக்காதா என்று அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய்ப் பார்த்தேன். ரப்பர் பால் வெட்டும் கத்தியும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் பெண்கள் அத்தனை வருடம் தூக்கித் திரிந்த குழாயை ஒரு மூலையில்கூட வைக்கவில்லை. விசாரித்தால் அப்படி ஒரு சாமானே இல்லை என்கிறார்கள்.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்து, மொட்டையடித்த தலைகளில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஜீப்பில் கால்சட்டை போட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், அதிலிருந்து வெட்டிய ஆண் பூக்களை எடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்களில் கட்டினார்கள். பின்னால் ஓடியவர்களில் நானும் ஒருத்தி, நீங்களும்தான். மரத்தில் ஏற்கெனவே பூ இருக்கும்போது எதற்காக வெளியிலிருந்து பூ கொண்டுவந்து கட்டுகிறார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை, நாம் பிள்ளைகள். பெரியவர்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றியது, ஆனால் கண்டபடி தோன்றியது. எலிக்கு மருந்து என்றார்கள் சிலர். துரை தோட்டத்தை விற்கப் போகிறார், அதனால் மரத்தைச் சோதிக்கிறார்கள் என்றார்கள் சிலர். அப்பா, அது புது உரம், வாசத்திலேயே மரம் கொழுத்துவிடும் என்று எங்கோ கேட்டு வந்து அடித்துச் சொன்னார். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டால் ஆராய்ச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்தார், அவருக்கே ஒன்றும் தெரியாது. அம்மா மட்டும் ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் கேட்டார். கிராணி சிலோன்காரர், கணக்கெழுதுகிற மனிதர், யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். அவரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பூவோடு பூவாக நாள் முழுவதும் நிற்கிற பெண்களிடம், அந்தப் பூவில் எதைக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

கொஞ்ச நாளில் ஆண் பூக்களெல்லாம் நெளிய ஆரம்பித்தன. அரிசி வண்டு அளவில், மூக்கு நீண்ட, கரும்பழுப்பு வண்டு. அம்மா வாசல் தாழ்வாரத்து அஞ்சடியில் நின்று தலைத்துண்டை உதறினால் பொலபொலவென்று விழும். பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டார். அவர் சொந்த அத்தை இல்லை, அம்மாவோடு அதே பவுடர் வேலைக்குப் போகிறவர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். தன் வீட்டு அரிசியில் வண்டு விழுந்ததற்கு எங்கள் அம்மாதான் காரணம் என்று முறத்தோடு வந்து நின்றார். அவர் துண்டிலிருந்தும் அதே வண்டுதான் விழுந்துகொண்டிருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை லயமே அரிசியைப் பாயில் கொட்டி, வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வெயிலில் காயவைத்தது. அம்மா சட்டையைச் சுடுதண்ணீரில் போட்டு அலசினார். எங்களுக்கெல்லாம் சீயக்காய் போட்டுத் தலை தேய்த்தார், கண் எரிந்து நான் ஊரைக் கூட்டினேன்.

அந்த வண்டுக்கு அரிசி என்றால் என்னவென்றே தெரியாது. அரிசி மூட்டைக்குள் போட்டு மூடினால் பட்டினி கிடந்தே செத்துப் போகும். அதற்குத் தெரிந்ததெல்லாம் செம்பனைப் பூ ஒன்றுதான். ஆண் பூவில்தான் அதற்குச் சோறு, அங்கேதான் கல்யாணம், அங்கேதான் பிள்ளைப்பேறு, வாடிப்போன ஆண் பூவுக்குள்ளேயே குஞ்சுகள் தின்று வளரும். பெண் பூவில் அதற்கு ஒரு வாய்க்குக்கூட ஒன்றும் கிடையாது. ஆனால் பெண் பூவும் அதே சோம்பு வாசத்தை வீசும். வண்டு ஏமாந்து போய் அங்கே இறங்கும், உடம்பில் ஒட்டியிருக்கும் தூளைச் சிந்திவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போகும். மரம் அதற்குச் சோறு போடுகிறது, பதிலுக்கு இப்படி ஏமாற்றி வேலையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஆப்பிரிக்காவில் காலங்காலமாக இப்படித்தான் குடும்பம் நடத்தியிருக்கின்றன. மரத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் வண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அந்தக் குறையை நம் அம்மாக்கள் முகப் பவுடரைக் கொண்டு அடைத்தார்கள். இதெல்லாம் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் படித்துத் தெரிந்தது.

அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. பெண் பூவில் வண்டு மொய்ப்பதை அம்மாவும் அத்தையும் பார்த்திருக்கிறார்கள். பூவைத் தின்ன வந்த சனியன் என்று துணியால் தட்டிவிட்டு, அதன் பிறகுதான் பவுடர் அடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே முடிந்துபோன வேலையைத் தட்டிவிட்டு அதே வேலையை மறுபடியும் செய்தார்கள். சொல்ல ஆள் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

சித்திரை மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் குழாயில் தூள் கட்டி தட்டிவிடும், அன்றைய வேலை போச்சு, மண்டோர் கூலிக்குப் பெயர் போடமாட்டார். காட்டுக்குள் நாலு கால் நட்டுத் தகரம் போட்ட ஒரு கொட்டாய் இருந்தால் மழை நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம், தூளும் நனையாது. இதைத்தான் கேட்டார்கள். பிரட்டில் எல்லோருக்கும் முன்னால் அம்மா கேட்டார். மண்டோர் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது, அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் அங்கே நின்றிருந்தேன்.

"பவுடர் அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? என் மகளுக்கு நான் தெனம் அடிச்சுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புறேன். அதுக்குக் கொட்டாய் வேணுமா லா உங்களுக்கு?"

குலை வெட்டும் ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இதை எழுதாமல் விடலாமென்று பார்த்தேன், முடியவில்லை.

அன்று சாயங்காலம் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கூடிப் பேசினார்கள். வேலைக்குப் போகாமல் நின்றுவிடலாம் என்றார் ஒருவர். அம்மா வேண்டாம் என்றார். வேலையை நிறுத்தினால் வேறு ஆளைப் போடுவார்கள், அதனால் ஒன்றும் தெரியவராது. ஆற்றோரக் காட்டை மட்டும் விட்டுவிடுவோம் என்றார். அது சதுப்பு நிலம், மண்டோரின் மோட்டார் சைக்கிள் அதற்குள் போகாது, அவரும் இறங்கி நடக்கிற ஆள் இல்லை. "நாலு மாசம் போவட்டும். குலையெல்லாம் சொத்தையா நிக்கும்போது வந்து கேப்பான் பாரு, அப்பச் சொல்லுவோம் எது வேலைன்னு." அத்தைக்கு இது பிடித்துப் போயிற்று. ஆனால் பாதுகாப்புக்கு மட்டையில் கோட்டை மட்டும் போட்டுவிடலாம், யாராவது பார்த்தாலும் சந்தேகம் வராது என்றார். அம்மா அதற்கு ஒப்பவில்லை. "செய்யாத வேலைக்கு நான் கோடு போட மாட்டேன்." அந்த வார்த்தையை யாரும் தாண்டவில்லை, ஆற்றோரக் காட்டு மரங்களெல்லாம் கோடு இல்லாமல் நின்றன.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. சோம்பு வாசம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது, அடித்துவிடுவேன் என்று அவரே சொல்வார். விறகு பொறுக்கப் போகும்போதுகூடச் சுற்றிப் போவார். மற்றக் காடுகளில் முன்பைவிடக் கவனமாக அடித்தார். கொட்டாய் எங்கே போட வேண்டும், கூரை எந்தப் பக்கம் சரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனதில் முடிவாகியிருந்தது. அந்த மாதங்களில் அம்மா இருந்த உற்சாகத்தில் நான் அவரை முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் குலை வெட்டும் வேலை. புரட்டாசி வாக்கில் ஒரு சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அஞ்சடியில் உட்கார்ந்தார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து தேய்க்க ஆரம்பித்தார். அப்பா அன்று வெட்டிய குலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு குலையை லோரியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். விரல் நுழைய இடம் இல்லாமல் உள்ளே வரைக்கும் பழமாம், ஒரு சொத்தை கிடையாதாம். அம்மா, எந்தக் காட்டில் என்று கேட்டார்.

"ஆத்தோரக் காட்டுலதான். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுதான் உச்சம். நீங்க ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க லா."

அம்மாவின் கை அப்பாவின் முதுகில் அப்படியே நின்றது. என்ன நிறுத்திட்ட, தேய் என்றார் அப்பா. அம்மா மறுபடியும் தேய்த்தார். அவருக்குப் பாராட்டுச் சொன்னதாகவே அப்பா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரக் காட்டுக்குப் போனார். ஒவ்வொரு மட்டையாகத் தடவிப் பார்த்தார், அத்தை யாருக்கும் தெரியாமல் வந்து அடித்திருப்பாரோ என்று சந்தேகம். ஒரு மரத்திலும் கோடு இல்லை. குலைகள் மட்டை இடுக்கில் பிதுங்கிக்கொண்டு சிவந்து நின்றன. புதிதாக மலர்ந்திருந்த ஒரு பெண் பூவை அம்மா விலக்கிப் பார்த்தார். அதன்மேல் வண்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. இந்தத் தடவை அவர் தட்டிவிடவில்லை, குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுவா அடிச்சுது?" என்றார். என்னைக் கேட்டாரா, மரத்தைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், எனக்கு வலித்தது.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பிரட்டில் மண்டோர் பவுடர் வேலைக்காரர்களைத் தனியாக நிற்கச் சொன்னார். "கோடு போட்ட மரமும் காச்சிருக்கு, கோடு போடாத மரம் அதுக்கு மேல காச்சிருக்கு. நீங்களே பண்ணிக் காட்டிட்டீங்க. இனிமே பவுடர் வேலை கெடையாது." புல்லுக்கு மருந்தடிக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், மற்றவர்கள் வெளியே வேலை தேடிக்கொள்ளலாம் என்றார். கொட்டாய் பற்றி யாரும் பேசவில்லை. பெண்கள் மண்டோரைத் திட்டவில்லை, எல்லோரும் திரும்பி எங்கள் அம்மாவைப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அத்தை, உன்னாலதான் என்று ஒரே வார்த்தை சொன்னார். அதன் பிறகு பேச்சில்லை. அந்தத் தீபாவளிக்கு அம்மா என்னிடம் முறுக்குக் கொடுத்தனுப்பினார், தட்டு அப்படியே திரும்பி வந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை மூக்கு சிந்துவது இங்கே கேட்கும், இந்தப் பக்கம் அம்மா சிந்துவது அங்கே கேட்டிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே கவலைதான், ஒரே வண்டுதான் இரண்டு பேரையும் வெளியே தள்ளியது. எனக்கு அந்தப் பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டு இரண்டு பேர் தலையையும் முட்டவிடலாம் போல இருந்தது. பத்து வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும்?

அப்பாவுக்குக் குலை கனத்ததால் கூலி கூடியது. கூடிய கூலி ஆறேழு வருடத்தில் இடுப்பு வைத்தியத்துக்குப் போனது. அம்மா கொஞ்ச காலம் புல்லுக்கு மருந்தடித்தார், கை நகமெல்லாம் கறுத்தது. பிறகு கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய்வந்தார். அத்தை குடும்பம் சுங்கை பூலோவுக்குப் போய்விட்டது. நாங்களும் போனோம், நீங்களும் போனீர்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது மாடி வீடுகள்.

ஆனால் அம்மா அந்த ஆற்றோரக் காட்டை விட்டு வரவே இல்லை. வீட்டில் எது கெட்டுப்போனாலும், யாருக்கு வேலை போனாலும், அக்காவுக்கு அமைந்த சம்பந்தம் தட்டிப்போனபோதும், அவர் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். நான் அந்தக் காட்டை விடாமல் இருந்திருந்தால் அத்தனை பேர் பிழைப்பும் போயிருக்காது, என் தலையில் எழுதியிருக்கிறது என்பார். பூச்சிக்கு நாமாகவே வழிவிட்டோம் என்பார். முப்பது நாற்பது வருடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவரை அந்தப் பாரத்திலிருந்து எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்பது என் வாழ்க்கையின் பாதி வேலையாக இருந்தது. அது மரத்தின் வேலை, வண்டின் வேலை, உன் தப்பு எங்கே இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

சில வருடங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், மகள் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நம் கிராணிதான். என்னை அடையாளம் சொன்னதும் முகம் மலர்ந்தது. அம்மாவைக் கேட்டார். நான் பேச்சுவாக்கில், கோடு போடாத மரங்களால் வேலை போனதை அம்மா இன்னும் மறக்கவில்லை என்றேன். அவர் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கட அம்மா கோடு போட்டிருந்தாலும் நிப்பாட்டித்தான் இருப்பினம், பிள்ளை. அந்தப் பெட்டி வந்து இறங்கின அண்டைக்கே முடிவெடுத்தாச்சு. எல்லாத் தோட்டத்திலையும் அப்பிடித்தானே."

அப்படியானால் மண்டோர் சொன்னது என்ன என்று கேட்டேன். மேலே இருந்து நிறுத்தச் சொன்னதை அத்தனை பெண்கள் முகத்துக்கு நேரே சொல்ல மண்டோருக்குப் பயமாம். ஆற்றோரக் காட்டில் கோடு இல்லாததை வெட்டு ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையே காரணமாகக் காட்டிவிட்டாராம். ஆபீசில் அந்தக் காட்டைப் பற்றி ஒருவரும் பேசவே இல்லை என்றார் கிராணி. சொல்லிவிட்டு மகளிடம் பாயசம் கேட்டார். இந்த மனிதர் இதை அன்றைக்கே எங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பூச்சோங் வரும்வரை கார் நகரவே இல்லை, அப்படி ஒரு நெரிசல். எனக்கு ஒருபக்கம் கோபம், மறுபக்கம் சந்தோஷம். வீட்டில் அம்மா தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். கல்யாணச் சேலையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி வந்த அன்றே முடிவானது, மண்டோர் பயந்து பழியைப் போட்டது, கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது, எல்லாம். அழுவார் என்று நினைத்தேன், அழுதால் கட்டிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப நாங்க அந்தக் காட்ட விட்டது ஆபீசுல யாரும் கண்டுக்கவே இல்லயா?"

கண்டுகொள்ளவே இல்லை, நிம்மதியாக இரு என்றேன்.

"கோடு போடலங்கிறத ஒருத்தன்கூடப் பேசலயா?"

பேசவில்லை என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் ஓடியாந்தியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளும் ஒரு தாயை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? என் மகளிடம் புலம்பினேன், அவளுக்கும் விளங்கவில்லை.

அடுத்த மாதம் அத்தையை அவர் மகன் சுங்கை பூலோவிலிருந்து கூட்டிவந்தான். பேச்சில்லாமல் இருந்ததெல்லாம் எப்போதோ போய்விட்டது, வயதான பிறகு இரண்டு பேரும் போனில் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். மிக்சர் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு பழைய கதைகளை எடுத்தார்கள். சுற்றிச் சுற்றி அம்மா ஆற்றோரக் காட்டுக்கு வந்தார். குழாயடியில் கூடியது, அத்தை கோடு போடச் சொன்னது, தான் மறுத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "நான் மட்டும் அன்னிக்கு அந்தக் காட்ட விட்டிருக்கலன்னா, இன்னும் எத்தன வருசத்துக்கு அந்த வேலை ஓடியிருக்கும்" என்று முடித்துவிட்டு, அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

அத்தை மிக்சரை மென்றுகொண்டே தலையாட்டினார். "உன்னாலதான் லா எல்லாம். கோடு போடாத மரத்தப் பாத்துத் துரையே ஆடிப் போயிட்டான்ல."

துரை ஆடவும் இல்லை, அசையவும் இல்லை, அப்படி ஒரு காடு இருந்ததே அவருக்குத் தெரியாது. சொல்லிவிட வாயைத் திறந்தேன். அம்மா அத்தையின் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனேன்.